செய்திக்குறிப்பை முந்நூறு தளங்களில் வெளியிட்டு பேக்லிங்க் பெறுவது உண்மையில் பயன் தருமா?

நிலாவெளி விடுதி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் நான்கு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நடத்தி வருகிறோம். என் கணவர் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், புறாமலைத் தீவுக்கும், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் திமிங்கிலம் பார்ப்பதற்கும் விருந்தினர்களைத் தம் படகிலேயே அழைத்துச் செல்கிறார். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் என் தம்பி கடந்த ஆண்டு எங்களுக்கு ஓர் இணையத்தளம் அமைத்துக் கொடுத்தான். விடுதியின் பெயரைத் தட்டச்சிட்டால் கூகுளில் எங்கள் தளம் முதலில் வருகிறது. ஆனால் 'நிலாவெளி தங்குமிடம்' என்றோ 'திருகோணமலை திமிங்கிலப் படகு' என்றோ தேடினால் பெரிய முன்பதிவுத் தளங்கள்தாம் முதற்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் வழியாக வரும் ஒவ்வொரு விருந்தினருக்கும் நாங்கள் தரகுப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு வாரங்களுக்கு முன் கொழும்பிலுள்ள ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். எங்கள் விடுதியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு செய்திக்குறிப்பு எழுதி, அதை 300 செய்தித் தளங்களில் வெளியிட்டு, 300 பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு) பெற்றுத் தருவதாகவும், ஒரே மாதத்தில் தளம் முதற்பக்கத்துக்கு வந்துவிடும் என்றும் சொன்னார்கள். அதற்குக் கட்டணம் 65,000 ரூபாய். மாதிரிக்காக வேறொரு விடுதிக்கு எழுதிய குறிப்பை அனுப்பியிருந்தார்கள். அதில் இரண்டு வரிக்கு ஒருமுறை 'மிகச் சிறந்த கடற்கரை விடுதி' என்ற சொற்றொடர் நீல நிறத்தில் இணைப்பாக இடப்பட்டிருந்தது. தம்பி வேண்டாம் என்கிறான். மே மாதம் பருவம் தொடங்குவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்கிறார் கணவர். எங்களிடம் இருப்பது ஒருமுறை மட்டும் செலவழிக்கக்கூடிய பணம். இப்படிச் செய்வதால் பலன் உண்டா, அல்லது தளத்துக்குக் கேடு வந்துவிடுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்லித் தந்தால் பேருதவியாக இருக்கும்.

உவர்மலை வாசி

வணக்கம் சகோதரி. நான் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இணையத்தள வேலை செய்பவன். உங்கள் தம்பி சொல்வதுதான் சரி.

அந்த நிறுவனம் 300 இணைப்புகளைப் பெற்றுத் தராது என்று நான் சொல்லவில்லை, அநேகமாகத் தந்துவிடும். அவற்றுக்கு மதிப்பு உண்டா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். 1998ஆம் ஆண்டில் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு தளம் மற்றொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஒரு சான்றுரையாகக் கருதலாம் என்ற எண்ணத்தின் மீதுதான், தேடலில் பக்கங்களை வரிசைப்படுத்த உதவும் பேஜ்ரேங்க் முறையைக் கட்டினார்கள். சான்றுரை என்றால் அதைப் பிறர் கொடுக்க வேண்டும். நாமே எழுதி, நாமே பணம் கொடுத்து, 300 இடங்களில் ஒட்டிய ஒரே தாளை எவரும் சான்றுரை என்று ஏற்கமாட்டார்கள் அல்லவா? கூகுளும் ஏற்பதில்லை. இணைப்பு வணிகத்தை ஒடுக்குவதற்காக 2012 ஏப்ரலில் தன் தேடல் கணிப்பு முறையில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்த அந்நிறுவனம், 2013 ஜூலையில் தன் வழிகாட்டியில் செய்திக்குறிப்புகளையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பிற தளங்களில் பரப்பப்படும் கட்டுரைகளிலும் செய்திக்குறிப்புகளிலும், தேடுசொற்களைத் திணித்து இடப்படும் இணைப்புகள் இயற்கைக்கு மாறானவை என்று அதில் எழுதினார்கள். அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்த பத்தியில் திருமண மோதிரம், பூக்கள், மணப்பெண் ஆடை என்று அடுத்தடுத்து இணைப்புகள் வருகின்றன. உங்களுக்கு அனுப்பிய மாதிரியும் அதே வார்ப்பில் இருப்பதாகத்தான் தெரிகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மாதிரிக் குறிப்பு வெளிவந்த பக்கம் ஒன்றைக் கணினியில் திறந்து, அந்த நீல நிறச் சொல்லின் மீது வலது பொத்தானை அழுத்தி, 'இன்ஸ்பெக்ட்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். திறக்கும் நிரல் வரியில் 'ரெல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'நோஃபாலோ' அல்லது 'ஸ்பான்சர்ட்' என்று இருந்தால், அந்த இணைப்புக்குத் தான் சான்று கூறவில்லை என்று அந்தத் தளமே தேடுபொறியிடம் சொல்லிவிட்டதாகப் பொருள். முதலாவது அடையாளம் 2005ஆம் ஆண்டிலும் இரண்டாவது 2019ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தன. பேர் பெற்ற செய்திக்குறிப்பு விநியோகச் சேவைகள் தாமாகவே இவற்றை இட்டு விடுகின்றன.

இன்னொரு சோதனையும் உண்டு. மாதிரிக் குறிப்பிலிருந்து ஏதாவது ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிகளுக்குள் வைத்துத் தேடிப் பாருங்கள். ஒரே உரை, ஒரே தலைப்பு, ஒரே படத்துடன் பல தளங்களில் கிடக்கும். அந்தத் தளங்களின் முகப்புப் பக்கத்துக்குச் சென்று அங்கிருந்து அந்தச் செய்தியைக் கண்டுபிடிக்க முயன்றால் பெரும்பாலும் முடியாது. வாசகர் எவரும் நுழையாத ஒரு மூலையில் அதைப் போட்டு வைத்திருப்பார்கள்.

கேடு வருமா என்று கேட்டிருந்தீர்கள். 2016இல் வந்த பென்குயின் நான்காம் பதிப்பிலிருந்து இத்தகைய இணைப்புகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. ஆகவே தளம் உடனே கீழே விழுந்துவிடும் என்று உங்களை அச்சுறுத்த மாட்டேன். ஆயினும் அளவு மீறினால், ஊழியர் ஒருவர் பார்த்துத் தண்டனை விதிக்கும் வாய்ப்பு இன்னமும் இருக்கிறது. அப்படி ஏதாவது நடந்தால், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சேர்ச் கன்சோல் என்ற கருவியில் அறிவிப்பு வரும். உங்கள் விடயத்தில் நிச்சயமாகப் போகப்போவது 65,000 ரூபாய்தான்.

உப்புவெளி டைவர்

நான் உப்புவெளியில் ஆழ்கடல் நீச்சல் பயிற்சி நடத்துகிறேன். இதே தவறைச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கும் இருநூறுக்கு மேற்பட்ட தளங்களின் பட்டியலை எக்செல் தாளில் அனுப்பினார்கள். அதைப் பார்த்த அன்று மிகவும் மகிழ்ந்தேன். ஓர் ஆண்டு கழித்து அதே பட்டியலை வரிசையாகத் திறந்து பார்த்தபோது, உயிருடன் இருந்தவை ஒற்றை இலக்கம்தான். மற்றவை அழிக்கப்பட்டிருந்தன, அல்லது அந்தத் தளமே இல்லாமற் போயிருந்தது. அந்தப் பக்கங்களிலிருந்து என் தளத்துக்கு வந்து முன்பதிவு செய்தவர் ஒருவரும் இல்லை.

ஆனால் உவர்மலை அண்ணா சொல்வதிலிருந்து ஓர் இடத்தில் வேறுபடுகிறேன். செய்திக்குறிப்பு என்பதே வீண் என்ற எண்ணம் சகோதரிக்கு வந்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டு, கடலடியில் பவளப்பாறைகளில் சிக்கிக் கிடந்த அறுந்த வலைகளை நானும் என் மாணவர்களும் அகற்றியதைப் பற்றி ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, நான்கு பத்திரிகைகளுக்கு மட்டும் நானே மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒரு நாளிதழ் அதை வெளியிட்டது. இணையப் பதிப்பில் என் தளத்துக்கு இணைப்புக்கூட இல்லை, பயிற்சி நிலையத்தின் பெயர் மட்டுமே இருந்தது. இருந்தும் அந்த வாரம் வந்த தொலைபேசி அழைப்புகள், 200 இணைப்புகள் ஓர் ஆண்டில் கொண்டுவராதவை. சில மாதங்கள் கழித்து, அந்தச் செய்தியைப் படித்திருந்த ஒரு வெளிநாட்டுப் பயண எழுத்தாளர் என்னைத் தேடி வந்து, தம் கட்டுரையில் இணைப்புடன் எழுதினார். இன்றுவரை என் தளத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும் இணைப்பு அது ஒன்றுதான்.

திருமலை நிருபர்

தங்கச்சி, நான் இணைய வேலை தெரிந்தவன் அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே பிரதேச நிருபராக இருந்து, நாள்தோறும் வந்து சேரும் அறிக்கைகளைப் படிப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள் சொல்கிறேன்.

செய்திக்குறிப்பு என்ற வழக்கம் எதற்காகப் பிறந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து பலர் இறந்தபோது, ரயில் நிறுவனத்துக்காக வேலை செய்த ஐவி லீ, வதந்தி பரவுவதற்கு முன்பே நடந்தவற்றை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கும் அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார். முதல் செய்திக்குறிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். லீ அதற்கு முன் தாமே நிருபராக இருந்தவர். நிருபருக்கு என்ன தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னர் 1954இல் பிஆர் நியூஸ்வயர் போன்ற சேவைகள் தொலையச்சு வழியாகச் செய்தி அறைகளுக்குக் குறிப்புகளை அனுப்பத் தொடங்கியபோதும், மறுமுனையில் அதைப் படித்து, இதை வெளியிடலாமா என்று தீர்மானிக்கும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். உங்களிடம் பேசிய நிறுவனம் விற்பதில் அந்த ஆசிரியர் இல்லை. அதனால்தான் அது செய்தியாகவும் ஆவதில்லை.

'நிலாவெளியில் நான்கு அறைகள் கொண்ட அழகிய விடுதி இருக்கிறது' என்று எனக்கு அனுப்பினால், அதை விளம்பரப் பகுதிக்கு அனுப்புங்கள் என்றுதான் பதில் எழுதுவேன். குறை நினைக்க வேண்டாம். எனக்குத் தேவை, நேற்றுவரை வாசகருக்குத் தெரியாத ஒன்று. அப்படி உங்களிடம் என்ன இருக்கிறது? சற்று யோசித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்ல விடயங்கள்கூட இதனால்தான் குப்பைக்குப் போகின்றன. அறிக்கையை, யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்து பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறார்கள். அதிலிருந்து எழுத்தை எடுத்து ஒட்டினால் எங்கள் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். இரவு பக்கம் முடியும் நேரத்தில் அதை மீண்டும் தட்டச்சிட யாருக்கும் நேரம் இருக்காது. யூனிகோடில், மின்னஞ்சலின் உடலிலேயே எழுதுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கி, அச்சில் மங்கிப்போகும். மூலக் கோப்பையே மின்னஞ்சலில் இணையுங்கள், படத்தில் இருப்பவர் யார், எங்கே எடுத்தது என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். தொலைபேசி எண் கொடுத்தால், அழைக்கும்போது எடுங்கள். ஒருமுறை நல்ல செய்தி ஒன்றை, உறுதிப்படுத்த அழைத்த எண் மாலை முழுவதும் அணைந்திருந்த காரணத்தால் நான் விட நேர்ந்தது.

நிலாவெளி விடுதி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உவர்மலை அண்ணா சொன்னபடி தம்பியுடன் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். மாதிரிக் குறிப்பில் நாங்கள் திறந்த ஐந்து பக்கங்களிலும் 'நோஃபாலோ' இருந்தது. கணவரும் அருகிலிருந்து பார்த்தார். பணம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

நிருபர் ஐயா கேட்ட கேள்வியைத்தான் இரண்டு நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். செய்தி என்று சொல்லத்தக்கது எங்களிடம் எதுவும் இல்லை என்றே முதலில் நினைத்தேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. என் கணவர் திமிங்கிலம் பார்க்கக் கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும், திரும்பி வந்து குளிப்பதற்கு முன்பே, ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டையிட்ட குறிப்பேடு) எழுதி வைக்கும் வழக்கம் உள்ளவர். புறப்பட்ட நேரம், போன திசை, கரையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை திமிங்கிலங்கள், நீலத் திமிங்கிலமா எண்ணெய்த் திமிங்கிலமா, கச்சான் காற்று எப்படி அடித்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். எதுவும் தென்படாத நாட்களுக்கு ஒரு கோடு மட்டும் இழுத்திருப்பார். நான்கு பருவங்களுக்கு நான்கு கொப்பிகள், உப்பு நீர் பட்டு ஓரங்கள் சுருண்டு, அலுமாரியின் மேல் கிடக்கின்றன. விருந்தினர்கள் எந்த மாதம் வந்தால் பார்க்கலாம் என்று கேட்கும்போது அவர் அதைப் புரட்டித்தான் பதில் சொல்வார். இது செய்தியாகுமா? எங்களுக்கு இது சாதாரணமாகவே படுகிறது.

திருமலை நிருபர்

தங்கச்சி, இது செய்திதான். இதையா சாதாரணம் என்றீர்கள்? முதல் வேலையாக அந்தக் கொப்பிகளின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

தொடக்கத்தை நான் இப்படி எழுதுவேன். விடுபட்ட எண்களை நீங்கள் எண்ணி நிரப்புங்கள்: 'நிலாவெளிக் கடலில் திமிங்கிலங்கள் தென்பட்ட நாட்களை நான்கு பருவங்களாகக் கைப்படக் குறித்து வந்த படகோட்டி ஒருவர், அக்குறிப்புகள் அனைத்தையும் பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் வெளியிட்டுள்ளார். இக்காலத்தில் இத்தனை தடவைகள் கடலுக்குச் சென்ற அவருக்கு, இத்தனை நாட்களில் திமிங்கிலங்கள் தென்பட்டுள்ளன. இத்தனை நாட்களில் எதுவும் தென்படவில்லை.' தென்படாத நாட்களை மறைக்கவே வேண்டாம். அந்த வரியைப் படிக்கும் ஆசிரியருக்கு, இது விளம்பரம் அன்று என்பது அப்போதுதான் புரியும்.

அதன் பிறகு உங்கள் கணவர் சொன்னதாக இரண்டு வாக்கியங்கள், அவர் பேசும் விதத்திலேயே வர வேண்டும். 'பெருமகிழ்ச்சி அடைகிறோம்' என்ற வகையில் எழுதாதீர்கள். விடுதியைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் போதும். 'சிறந்த', 'தலைசிறந்த' என்ற சொற்கள் எங்கும் வேண்டாம். ஆசிரியர் எப்படியும் வெட்டிவிடுவார், அவற்றைக் கண்டதும் மற்ற வரிகளையும் ஐயத்துடன்தான் படிப்பார். வீரகேசரி, தினக்குரல், தினகரன் போன்றவற்றுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரே மின்னஞ்சலில் எல்லா முகவரிகளையும் வரிசையாகப் போட்டு அனுப்ப வேண்டாம். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு உங்கள் தம்பி ஆங்கிலத்தில் வேறாக எழுதட்டும்.

உவர்மலை வாசி

நிருபர் ஐயா சொன்னதுடன் இணையப் பக்கத்துக்குரிய வேலையை நான் சேர்க்கிறேன், ஏனெனில் பேக்லிங்க் பிறக்கப்போகும் இடம் அதுதான்.

செய்திக்குறிப்பு அனுப்புவதற்கு முன்பே, அந்த நான்கு கொப்பிகளிலும் உள்ளவற்றை ஓர் அட்டவணையாக உங்கள் தளத்தில் தனிப் பக்கத்தில் இடுங்கள். படமாக இடாமல் எழுத்தாக இடுங்கள். தேடுபொறியும் படிக்க வேண்டும், ஆராய்ச்சி செய்பவர் எடுத்துப் பயன்படுத்தவும் வேண்டும். தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் இருக்கட்டும். அட்டவணைக்கு மேலே, இதை யார், எப்படிக் குறித்தார், தூரத்தை எப்படிக் கணித்தார் என்பதை உள்ளபடியே எழுதுங்கள். கண்மதிப்பு என்றால் கண்மதிப்பு என்றே சொல்லுங்கள். கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து, அந்தக் கையெழுத்து தெரியும்படி வையுங்கள்.

பத்திரிகை உங்கள் முகப்புப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கக் காரணம் ஏதும் இல்லை. ஆனால் 'முழு அட்டவணையை இங்கே காணலாம்' என்று எழுத அதற்குக் காரணம் இருக்கிறது. குறிப்பின் முடிவில் அந்தப் பக்கத்தின் முகவரியை ஒரே ஒரு முறை, எந்தத் தேடுசொல்லையும் ஒட்டாமல், முகவரியாகவே எழுதுங்கள். டைவர் தம்பிக்கு நடந்தது போல இணைப்பு இல்லாமல் பெயர் மட்டும் வந்தால், ஒரு வாரத்துக்குள் அந்தப் பத்திரிகையின் இணையப் பகுதிக்கு நன்றி தெரிவித்து, வாசகர்கள் அட்டவணையைக் கேட்கிறார்கள், இணைப்பைச் சேர்க்க முடியுமா என்று பணிவாக ஒரு முறை எழுதலாம். சிலர் சேர்ப்பார்கள். மறுமொழி வராவிட்டால் தொடர்ந்து தொந்தரவு செய்ய வேண்டாம்.

இதனால் பருவம் தொடங்குவதற்குள் 'நிலாவெளி தங்குமிடம்' என்ற தேடலில் முன்பதிவுத் தளங்களை முந்திவிடுவீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அது நடக்காது. ஆனால் 'திருகோணமலையில் எந்த மாதம் திமிங்கிலம் பார்க்கலாம்' என்று தேடுபவருக்கு, கடலுக்குப் போனவரே நாள்தோறும் எழுதிய பதில் உங்களிடம் இருக்கிறது. அந்தத் தேடலில் நீங்கள் மேலே வர வாய்ப்பு உண்டு. அப்படித் தேடுகிறவருக்கு அடுத்ததாகத் தேவைப்படுவது ஒரு படகும் ஓர் அறையும்தான். கூகுள் வரைபடத்தில் உங்கள் விடுதியின் விவரங்களையும் இலவசமாகவே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அருகில் தங்குமிடம் தேடுவோர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உப்புவெளி டைவர்

சகோதரி, அட்டவணை வெளிவந்ததும் எனக்கு முகவரியை அனுப்புங்கள். என் தளத்தில் கடல் நிலவரம் பற்றிய பக்கத்தில் அதற்கு இணைப்பு இடுகிறேன். என் மாணவர்கள் எல்லோரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், இதுவரை சரியாகப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இதற்காக நீங்கள் எனக்கு மாற்று இணைப்பு எதுவும் தர வேண்டியதில்லை.

நிலாவெளி விடுதி

நேற்றிரவு முதல் கொப்பியைத் தட்டச்சிட்டு முடித்தோம். தம்பி வாசித்தான், நான் அடித்தேன், கணவர் பக்கத்தில் அமர்ந்து திருத்தினார். ஓர் இடத்தில் 'மூன்று' என்று எழுதி அடித்துவிட்டு 'இரண்டு' என்று மாற்றியிருந்தார்; மூன்றாவது தோன்றியது திமிங்கிலமா அலையா என்று அன்று தமக்கு உறுதியாகத் தெரியவில்லை என்றார். அந்தத் திருத்தத்தையும் அப்படியே குறிப்பாகச் சேர்த்திருக்கிறோம். பருவ மொத்தத்தை எண்ணியதும், நிரப்பிய செய்திக்குறிப்பை நிருபர் ஐயாவின் பார்வைக்கு இங்கே இடுகிறேன்.